மேட்டைப் பார்த்த சண்டை

டாக்டர்கள் ஆங்கிலத்தில் சொல்வதை நோயாளிகளின் வீட்டாருக்குத் தமிழில் சொல்வதுதான் ஆஸ்பத்திரியில் அவள் உத்தியோகம். நர்ஸுகள் அவளுக்கு வைத்த பெயர் பஞ்சக்கா. எந்தக் கெட்ட சேதியையும் பஞ்சில் பொதிந்துதான் கொடுப்பாள் என்பதால். கேலிதான், ஆனால் உள்ளூர அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வேலைக்கு ஒரே விதி. இந்தப் பக்கம் கேட்டதை அப்படியே அந்தப் பக்கம் கொடுக்க வேண்டும், சொந்தச் சரக்கு சேர்க்கக் கூடாது. எதிரே ஒருத்தி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது விதியாவது ஒன்றாவது!

அன்று எதிரே இருந்தவள் ஒரு தையல்காரி. புருஷனுக்கு நுரையீரலில் சீழ், முகத்தில் ஆக்ஸிஜன் மூடி. டாக்டர் ஃபைலை மூடிவிட்டு, "அப்ஹில் பேட்டில்" என்றார்.

மேட்டைப் பார்த்து நின்று போடுகிற சண்டை. மேலே நிற்பவன் கைதான் ஓங்கியிருக்கும். கீழே இருப்பவனுக்குப் பாதித் தெம்பு ஏறுவதிலேயே போய்விடும். புதுச் சரக்கை விற்கக் கிளம்பும் கம்பெனிக்காரனும் இதைச் சொல்வான், தோற்கப்போகிற பந்தாட்டக்காரனும் சொல்வான். இந்த டாக்டர் சொன்னால் ஆள் பிழைப்பது குதிரைக்கொம்பு. வருஷக்கணக்காகக் கூடவே நின்றவளுக்கு அது தெரியாதா என்ன?

"கஷ்டம்தான்க்கா, ஆனா பாத்துக்கிட்டிருக்காங்க," என்றாள்.

தையல்காரி முந்தானையைத் திருகினாள். "பொண்ணு வெளியூர்ல படிக்குது. இப்ப பரீட்சை. உடனே வரச் சொல்லவா, முடிச்சிட்டு வரட்டுமா? டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்களேன்."

தமிழ் தெரியாத டாக்டர் பக்கத்திலேயேதான் கை கழுவிக்கொண்டிருந்தார். கேட்டால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். அதை இந்த முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. "முடிச்சிட்டே வரட்டும்க்கா," என்று அவளே சொல்லிவிட்டாள். தையல்காரி டாக்டரைப் பார்த்து நன்றியோடு தலையசைத்தாள். எதற்கென்று தெரியாமல் அவரும் பதிலுக்குத் தலையாட்டினார்.

பரீட்சை முடிவதற்குள் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மகள் தோள்பையோடு நேரே வார்டுக்குத்தான் வந்தாள். கட்டிலில் புது விரிப்பு போட்டாகிவிட்டது. "ஏம்மா என்னை முன்னாடியே கூப்பிடல?"

"டாக்டர்தான்டி பரீட்சை முடிச்சிட்டு வரட்டும்னாரு. பாவம், அவரும் மனுஷன்தானே."

"அந்த ஆளை நான் பாக்கணும்," என்று மகள் திரும்பினாள். பஞ்சக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"டாக்டர் சொல்லலம்மா. உங்கம்மா கேட்டது அவர் காதுக்கே போகல. நான்தான் சொன்னேன். அப்பா தேறமாட்டாருன்னு தெரிஞ்சேதான் சொன்னேன்."

திட்டு விழும், ஏன், அடியே விழும் என்று நின்றாள். விழுந்திருந்தால் தேவலை. மகள் கேட்டது வேறு.

"அப்பா என்னைத் தேடினாரா?"

இல்லம்மா, நினைவே இல்லாமத்தான் இருந்தாரு என்ற பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தாயின் கண்களும் அந்தப் பொய்யைத்தான் கேட்டுக் கெஞ்சின. ஆனால் இவளுக்காக இன்னொன்றையும் தீர்மானிக்க நான் யார் என்று பஞ்சக்கா அதை விழுங்கிக்கொண்டாள்.

"தேடினாரும்மா. கதவு திறக்கறப்பல்லாம் நீதானான்னு பாத்தாரு."

மகள் பையைக்கூட இறக்காமல் கட்டிலில் உட்கார்ந்து கதவைப் பார்த்தாள்.