ஒன்பதாவது விரல்

பக்கத்து வீட்டு மீனு பள்ளிக்கான கோள்களின் படத்தை என் வீட்டில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் காய்ச்சிக் கொடுத்த மைதா பசையின் வாசனை, இதே ஊரின் ஆர்.கே.புரம் பள்ளியில் நான் படித்தபோது நடந்த ஆண்டுவிழாவை நினைவுபடுத்தியது.

அன்று ஒன்பது பிள்ளைகள் கோள்களாகச் சூரியனைச் சுற்றினோம். வாய் திறக்காதவள் என்பதால் எனக்கு வசனமே இல்லாத ப்ளூட்டோ வேடம். பசை காயாத அட்டைக் கிரீடம் நெற்றியில் பிசுபிசுத்தது. யார் குறுக்கே வந்தாலும் நான்தான் ஒதுங்கி வழிவிட்டேன். கடைசி வரிசையில் அப்பா ஒவ்வொரு கோளுக்கும் ஒரு விரலாக மடக்கிக்கொண்டிருந்தார். நான் வந்ததும் ஒன்பதாவது விரலை மடக்கிச் சிரித்தார்.

மீனு எட்டு உருண்டைகளோடு நிறுத்திவிட்டாள்.

"ப்ளூட்டோவை ஒட்டலையா மீனு?"

"அது குள்ளக் கோள், ஆன்ட்டி. சூரியனைச் சுத்துது, உருண்டையா இருக்கு, அதெல்லாம் டீக் ஹை, சரிதான். ஆனா தன்னோட பாதையில இருக்கிற மத்ததை எல்லாம் விலக்கியிருக்கணும். அது செய்யல."

"அதுக்குக் கூச்சமா இருந்திருக்கும்."

"புக்ல அப்படி இல்ல, ஆன்ட்டி."

அவள் படத்தை எடுத்துக்கொண்டு போனாள். அப்பா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. பசைக் கிண்ணத்தைக் கழுவுமுன் கோள்களை விரல்விட்டு எண்ணினேன். எட்டில் கொஞ்சம் நிறுத்திவிட்டு, ஒன்பதாவது விரலையும் மடக்கினேன்.