பாண்டி பஜாரில் சத்தமாகச் சொன்ன வார்த்தை

போன வாரம் மாடி வீட்டுக் கல்பனா என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து அழுதாள். மடியில் ஐந்து மாதக் குழந்தை. பக்கத்தில் ஒரு அமெரிக்கப் பை.

சாதாரணப் பை இல்லை. குழந்தையை உள்ளே உட்கார வைத்து நெஞ்சோடு மாட்டிக்கொள்கிற பை. பெல்ட், பக்கிள், குறுக்கே இரண்டு பட்டை... நியூஜெர்ஸியில் இருக்கிற அவள் மச்சினர் ஆசையாக அனுப்பியது. அட்டைப் பெட்டி மேல் ஒரு வெள்ளைக்காரப் பெண் அதை மாட்டிக்கொண்டு சிரிக்கிறாள். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி.

கல்பனா அப்படி இல்லை. கல்யாணத்துக்கு முன்பே அவளுக்கு மார்பு பெரிசு. பால் கொடுக்க ஆரம்பித்த பிறகு இன்னும் கூடிவிட்டது.

"போட்டுப் பாத்துட்டேன்க்கா. பட்டை ரெண்டும் குறுக்க வந்து அழுத்துது, உயிர் போகுது. பால் கசிஞ்சு பிளவுஸெல்லாம் நனைஞ்சிடுது. இவன் மூஞ்சி என் மேலயே அமுங்குது. பயந்துபோய் லூஸ் பண்ணினா தொடை வரைக்கும் தொங்கறான். என் உடம்புதான்க்கா சரியில்லை..."

ஒரு பைக்காக அழுவார்களா? அழுவார்கள். திங்கட்கிழமை அவளுக்கு லீவு முடிகிறது. கணவருக்கு அம்பத்தூரில் ஷிஃப்ட், விடிவதற்குள் கிளம்பிவிடுவார். இவள் மயிலாப்பூரில் பஸ் ஏறி, கோட்டூர்புரத்தில் அம்மா வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு, நந்தனத்தில் இருக்கும் ஆபீஸுக்குப் போக வேண்டும். ஒரு கையில் குழந்தை. மிச்சமிருக்கிற ஒரு கை எதற்கு — பஸ் கம்பிக்கா, டிபன் பாக்ஸுக்கா, டிக்கெட்டுக்கா? தினமும் ஆட்டோவில் போகலாமே என்று கேட்பவர்கள் மெட்ராஸ் ஆட்டோவில் ஏறியே இருக்க மாட்டார்கள்.

"முடியலைன்னா வேலையை விட்டுடேம்மா" என்று மாமியார் சொல்லிவிட்டாராம். அன்பாகத்தான் சொன்னாராம். அதுதான் அவளுக்குப் பயமாக இருக்கிறது. அன்பாகச் சொன்னால் சண்டை கூடப் போட முடியாதே!

"உன் உடம்பு சரியாத்தான் இருக்கு. பைதான் சரியில்லை. கிளம்பு" என்றேன்.

பாண்டி பஜாரில் குழந்தைச் சாமான் விற்கிற கடை ஒன்றுக்குப் போனோம். வாங்க வந்திருப்பவர்கள் எல்லாரும் பெண்கள். விற்பவர்கள் எல்லாரும் ஆண்கள். இது என்ன கணக்கோ, இன்றுவரை எனக்குப் புரிந்ததில்லை. கவுண்டரில் இருந்தவர் நடுத்தர வயசு, நெற்றி நிறைய விபூதி, பணிவான மனுஷர். அமெரிக்கப் பையை அவர் முன்னால் வைத்தேன்.

"இது இவங்களுக்குச் சரியா வரலை. வேற மாதிரி வேணும்."

"இதே மாதிரி நம்மகிட்ட இருக்கு மேடம். ஃப்ரீ சைஸ். எல்லாருக்கும் சேருமே?"

கல்பனா தரையைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "இவங்க கொஞ்சம்... ஹெல்தி."

"அப்ப ப்ளூ பாருங்க" என்று அதே பையை நீலத்தில் எடுத்துப் போட்டார்.

"அதில்லைங்க. கொஞ்சம் பூசினாப்பல உடம்பு..."

மஞ்சள் வந்தது. கரடி பொம்மை போட்டது.

"உடல்வாகு கொஞ்சம் அப்படிங்க..."

"பிங்க் பாருங்க மேடம். எல்லா உடல்வாகுக்கும் எடுப்பா இருக்கும்."

அவர் மேல் என்ன தப்பு? சொல்லாத விஷயம் அவருக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லாமலிருக்க நாம்தான் எத்தனை வார்த்தை வைத்திருக்கிறோம்! என் சித்தி ஒருத்தி பால் கட்டிக்கொண்ட வலியை டாக்டரிடம் 'நெஞ்சு வலி' என்று சொல்லி, ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டு வீடு திரும்பியவள். ரிப்போர்ட் நார்மல். வலி மட்டும் அப்படியே இருந்தது.

கல்பனா என் கையைப் பிடித்து இழுத்தாள். "போயிடலாம்க்கா. நான் வேலையை விட்டுடறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லக் கூசி ஒருத்தி வேலையை விடுவதா?

"இதோ பாருங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. "இவளுக்கு மார்பு பெரிசு. குறுக்க அழுத்தாம, குழந்தைக்கு மூச்சு முட்டாம உட்கார வைக்கிற மாதிரி ஒண்ணு வேணும். இருக்கா, இல்லையா?"

கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கல்பனா எங்கே கோபித்துக்கொண்டு ஓடிவிடுவாளோ என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கடைக்காரருக்குக் காது மடல் சிவந்தது. பிறகு, "முதல்லயே சொல்லக் கூடாதா மேடம்?" என்று உள்ளே போய், தூசு தட்டிக்கொண்டே ஒரு கட்டோடு வந்தார். "எக்ஸ்போர்ட்ல மீந்த சரக்கு. ஒத்தைத் தோள்ல போடறது. யாருமே கேக்கறதில்லை, அதான் உள்ள கிடக்குது."

யாருமே கேட்பதில்லை! வாயில்லாமல் எப்படிக் கேட்பார்கள்?

நல்ல அகலமான பருத்தித் துணி. தோள் பக்கம் இரண்டு வளையம். துணியை அதில் கோத்து இழுத்தால் இறுகும். கல்பனா பழக்கதோஷத்தில் அதை இடது தோளில் முந்தானைக்கு மேலேயே மாட்டினாள். உடனே தோள் மடிப்பு இழுபட்டது, சேஃப்டி பின் குத்தியது. போதாததற்கு முந்தானையை இழுத்துத் தன்னையும் மூடி, குழந்தையையும் மூடினாள். உள்ளேயிருந்து ஒரே வீறல்.

"நீ பையை மாட்டறியா, இல்லை மறைச்சுக்கறியா?" என்றேன்.

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. துணியை வலது தோளுக்கு மாற்றினாள். குழந்தை முன்னால் தொங்காமல் பக்கவாட்டில், இடது இடுப்பில் கால் பரப்பி உட்கார்ந்தது. துணி தோளிலும் முதுகிலும் அகலமாகப் பரவியதால் எந்த இடத்திலும் வெட்டவில்லை. குழந்தையின் முகம் முழுசாக வெளியே தெரிந்தது. குனிந்து நெற்றியில் முத்தம் கொடுக்கிற தூரம். கல்பனா இரண்டு கையையும் மெதுவாக எடுத்துப் பார்த்தாள். அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

பின்னாலிருந்து ஒரு குரல். "எனுக்கும் ஒண்ணு எடு நைனா."

திரும்பினேன். கைக்குழந்தையோடு ஒரு பெண். வாட்டசாட்டமான உடம்பு. "நானும் தோளு வலியில செத்துக்கினு கீறேன். இன்னான்னு கேக்கறது, வாயத் தொறக்காம நின்னுக்கினு இருந்தேன்" என்றாள். அவள் பேசியதைக் கேட்டு, கவுன் பார்த்துக்கொண்டிருந்த சுடிதார்ப் பெண் ஒருத்தியும் மெல்ல நகர்ந்து வந்தாள்.

கடைக்காரர் மறுபடி உள்ளே ஓடினார்.

திங்கட்கிழமை காலை, கொத்தமல்லி வாங்குகிற சாக்கில் நானும் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். மனசு கேட்கவில்லை. பஸ் வழக்கம்போல் சாய்ந்துகொண்டு வந்தது. கல்பனா ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள். "கைக்கொழந்த வருதும்மா, எடம் குடு!" என்று கண்டக்டர் கத்த, இவள் இன்னொரு கையால் சில்லறையை நீட்டினாள். இடுப்பில் இருந்தவன் கண்டக்டரின் விசிலைப் பிடிக்கப் பார்த்தான்.

"பிடிக்க ரெண்டு கையும் இருக்குக்கா!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள் கல்பனா. அவள் கத்தி நான் கேட்டதே அன்றுதான்.

சாயங்காலம் தோள் கொஞ்சம் வலிக்கத்தான் செய்ததாம். வலிக்காமல் இருக்குமா? நாளுக்கு நாள் வளர்கிற பிள்ளை ஆயிற்றே. ஆனால் மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும்.

இந்த வாரம் என் பத்தியில் இதைத்தான் எழுதப்போகிறேன் என்று ஃபோனில் சொன்னபோது, பத்திரிகை ஆபீஸ் தம்பி ரொம்பத் தயங்கினார். "மேடம், அந்த ஒரு வார்த்தையை மட்டும் 'உடல்வாகு'ன்னு மாத்திக்கலாமா?"

தாராளமாக மாற்றலாம் தம்பி... கடைக்காரர் மறுபடியும் பிங்க் எடுத்துப் போடுவார்!