கடைசித் தண்ணீரில் சித்தியின் வெள்ளைக் கோட்

திரும்பத் திரும்பத் துணி துவைத்த சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாசம் உண்டு. வியர்வை, மண், தோட்டத்து மருந்து, அதற்கு மேல் கொஞ்சம் சோப்புப் பவுடர்... எங்கள் அனுமந்தன்பட்டி வீட்டுப் பின்கட்டில் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வாசம்தான்.

நேற்று பள்ளிக்கூட குரூப்பில் ஒரு நண்பர் பழைய ரெண்டு டப் வாஷிங் மெஷின் போட்டோவைப் போட்டு, "தண்ணீரின் அருமை தெரிந்த காலம்" என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாக ஹார்ட். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே எழுதினால் சண்டையாகிவிடும் என்றுதான் இங்கே வந்து கொட்டுகிறேன்.

மெஷின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல மெஷின் அது. நாமாக பட்டனைத் திருப்பினால் ஒழிய தண்ணீரை வெளியே விடாது. பிழிகிற டப்பில் சுற்றும்போது வருகிற சோப்புத் தண்ணீரும் வீணாகாமல் துவைக்கிற டப்புக்கே திரும்பி வர ஒரு வழி இருந்தது. ஒரே தண்ணீரில் வீட்டுத் துணி மொத்தத்தையும் துவைத்துவிடலாம். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் அது பெரிய விஷயம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒரே தண்ணீர் என்றால் ஒரு வரிசை வேண்டும் இல்லையா? யார் துணி முதலில்... யார் துணி கடைசியில்...

அதைப் பற்றி அந்த குரூப்பில் ஒருத்தரும் பேசவில்லை.

எங்கள் வீட்டில் வரிசையைப் போட்டது பெரியம்மா. முதலில் பெரியப்பாவின் வெள்ளை வேட்டி. அப்புறம் அப்பா, சித்தப்பா சட்டைகள். பிறகு எங்கள் யூனிஃபார்ம், பெண்களின் சேலைகள். அதற்குப் பிறகு திராட்சைத் தோட்டத்துக்குப் போட்டுப் போகும் துணிகள். கொடிக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்து அடிப்பார்கள். அந்தத் துணி விழுந்ததும் தண்ணீர் நீலமாக மாறிவிடும்.

அந்த நீலத் தண்ணீரில்தான் சித்தியின் வெள்ளைக் கோட்.

சித்தி உத்தமபாளையத்தில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலையில் இருந்தார். கல்யாணத்துக்கு முன்பே பார்த்துக்கொண்டிருந்த வேலை. பெரியம்மாவுக்கு அந்தக் கோட் தீட்டுத் துணி.

"கண்டவுக ரத்தம், சளியெல்லாம் பட்ட துணி. வீட்டு ஆம்பளைக துணியோட அதக் கலக்காத ஆத்தா. எல்லாம் முடியட்டும், கடைசில போட்டுக்க" என்பார்.

சித்தி சத்தமே போடாமல் கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். "ஒரு வாளி நல்ல தண்ணி மட்டும் குடுங்கக்கா. கோட்ட நான் கையாலயே கசக்கிக்கிறேன்."

"மெஷின வச்சுக்கிட்டு வாளி என்னத்துக்கு? இன்னைக்கு உனக்கு ஒரு வாளின்னா நாளைக்கு ஆளுக்கு ஒரு வாளி கேப்பாக."

இதில் என் வயிறு எரிகிற இடம் எது தெரியுமா? அந்த மெஷினே சித்தியின் சீர். மகள் வேலைக்கும் போய்க்கொண்டு, வந்து துணியும் துவைத்துக் கஷ்டப்படக் கூடாது என்று அவருடைய அப்பா வாங்கி அனுப்பியது. சித்தி கொண்டுவந்த மெஷினில் சித்தி துணிக்கு நல்ல தண்ணீர் இல்லை. என் அம்மா அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. அம்மாமேல் அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

கோட்டில் திட்டுத் திட்டாக நீலம் ஏறியது. "பேஷண்ட் முன்னாடி இப்படி நிக்கலாமாம்மா?" என்று லேபில் டாக்டர் கேட்டிருக்கிறார். சித்தி புதுக் கோட் தைத்துக்கொண்டார். அதுவும் நீலம். சித்தப்பாவிடம் சொல்லிப் பார்த்தார்.

"ஒரு துணிக்காக மதினிகிட்டப் போய் நான் மல்லுக்கு நிக்கவா?" என்று அவர் பேப்பரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் சித்தி லேபின் குளியலறையிலேயே கோட்டைத் துவைத்து மாடியில் காயப்போட ஆரம்பித்தார். சின்ன ஊர்தானே, யாரோ பார்த்துவிட்டு வந்து சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்து, "வீட்டுல தண்ணி இல்லாத மாதிரி அங்கன போய்த் துவைக்கிறாளா? ஊருக்குள்ள நான் தலை நிமிந்து நடக்க வேணாமா?" என்று கேட்டார். சித்தப்பா அதற்குச் சொன்ன பதில், "இனிமே போக வேணாம்னு சொல்லிடுறேண்ணே."

அவ்வளவுதான். வேலை போய்விட்டது. ஒரு வாளித் தண்ணீரை மிச்சம் பிடித்தோம். ரொம்ப சந்தோஷம்.

போன மாதம் தேனியில் சித்தி மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி இப்போது அங்கேதான் இருக்கிறார். முன்பக்கம் கதவு வைத்த புது மெஷின். பட்டனைத் தட்டினால் போதும், ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு தானே துவைத்து முடித்துவிடுகிறது. மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருந்தார்கள். மெஷின் காலியாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு பக்கெட்டில் சித்தியின் சேலைகள் மட்டும் தனியாக.

"ஏன் சித்தி, இத இப்பவே போட்டுறலாம்ல?"

"மாப்பிள்ளை துணி இன்னும் வரலடி. அவுக துணி முடியட்டும்."

"சித்தி... இதுல ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணிதான் வருது."

"தெரியும்டி" என்றார் சித்தி. பக்கெட்டைக் காலால் மெல்ல ஓரமாக நகர்த்தினார்.

"தெரியும். ஆனா கை போக மாட்டேங்குது."