ஒரே பெட்டிக்குள் மூன்று புரோகிராம்

எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டு கேன்டீனில் சமைக்கிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் எதிரில் எனக்கு வாய் வராது. கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த ஒரு பெண்ணிடம் அன்றைக்குச் சொல்லாமல் விட்ட நன்றியை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் யார்டில் மூன்று கம்ப்யூட்டர் புரோகிராம். லாரியைக் கேட்டுக்குள் விட ஒன்று, எடை மேடைக்கு ஒன்று, கேன்டீனுக்கு ஒன்று. ஆட்கள் மெஷினில் விரல் வைத்தால் சாப்பாட்டு டோக்கன் வரும். மூன்றும் தனித்தனிக் கம்ப்யூட்டர் பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தன. உப்புக் காற்றில் பெட்டிகள் துருப்பிடித்துப் போக, புதிதாக ஒன்றே ஒன்று வாங்கினார்கள். அதில் ஜாவா சர்வர் என்று ஒன்றைப் போட்டு, மூன்றையும் அதற்குள்ளேயே ஏற்ற ஒரு பெண் வந்திருந்தாள்.

கேட் ஓடியது, எடை மேடை ஓடியது. கேன்டீனை ஏற்றியதும் கேட் நின்றுவிட்டது. ரோடு வரைக்கும் லாரி, ஒரே ஹாரன் சத்தம்.

நான் டீ கொண்டுபோனபோது மேனேஜர் அவளிடம், "கேன்டீன தூக்கிடும்மா. சோறு வெளிய சொல்லிக்கலாம். இத்தினி பேஜாரு எதுக்கு?" என்றார்.

கேன்டீன் போனால் சமையலில் இருக்கும் நாங்கள் மூன்று பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். டீத் தட்டோடு சுவரோரமாக நின்றேன்.

ஒரு டிரைவர் கதவருகே எட்டிப் பார்த்தார். "இன்னா சார், கேட்டு தூங்குதா? நான் வந்து எழுப்பட்டா?"

"கேன்டீன தூக்கிட்டா எனக்கும் வேலை சீக்கிரம் முடியும் சார்," என்றாள் அந்தப் பெண். "ஆனா தப்பு கேன்டீன் மேல இல்ல, என் மேல. இப்ப அத நிறுத்தி வெச்சு கேட்ட ஓட்டுறேன். லாரி போகட்டும். சாப்பாட்டு நேரத்துக்குள்ள மூணும் ஓடும்."

மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார். அவள் டீயை எடுத்தாள்.

"பயந்துட்டீங்களா ஆயா? மூணு புரோகிராமுக்கும் வேண்டிய சாமான ஒரே அலமாரில பொதுவா வெச்சுட்டேன். அதே சாமான்ல கேட்டுக்கு பழசு வேணும், உங்களுக்கு புதுசு. புதுச வெச்சதும் கேட்டு படுத்துடுச்சு. அவங்கவங்க சாமான அவங்கவங்க உள்ளயே வெச்சுட்டா சண்டை இல்ல."

வேர்க்க வேர்க்க உட்கார்ந்து அதைத்தான் செய்தாள். உலை கொதிக்கும் நேரத்தில் கேன்டீனுக்கே வந்து, "விரல் வைங்க ஆயா," என்றாள்.

மீன் ஆய்ந்து, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல். மெஷின் எடுக்கவில்லை. "கட்டை விரல் வைங்க." கிர்ரென்று டோக்கன் வந்தது. கேட்டில் லாரியும் நகர்ந்துகொண்டிருந்தது.

மதியம் வரிசையில் மேனேஜரும் வந்து விரல் வைத்தார். "இன்னா ஆயா, இன்னிக்கி இன்னா மீனு?" என்று ஒன்றும் நடக்காதது போல் கேட்டார்.

கடைசியில் அவள் வந்தாள். வெளி ஆள் விரலுக்கு மெஷினில் டோக்கன் வராது. "பரவாயில்ல ஆயா, வெளிய பாத்துக்கறேன்," என்று திரும்பினாள்.

முந்தானையில் முடிந்திருந்த என் டோக்கனை எடுத்து டோக்கன் டப்பாவில் போட்டேன். தட்டில் சோறும், குழம்பில் கிடந்த மீன் சினையும் வைத்து நீட்டினேன்.

"அப்ப நீங்க?"

"நீ துன்னு கண்ணு," என்றேன். அன்று முழுக்க அவளிடம் நான் பேசியது அவ்வளவுதான்.