மாம்பழம் வராத ஜூன்

ஜூன் மாதத்தில் வேப்பனப்பள்ளியிலிருந்து ஓசூருக்கு வருகிற மனுஷன் வெறுங்கையோடு வந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். என் மனைவியின் தம்பி அப்படித்தான் வந்து நின்றான். அவனுக்கு அங்கே மாந்தோப்பு இருக்கிறது. நான் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்து இறங்கினால் போதும், பெட்டி பெட்டியாகப் பழத்தை இறக்கிவிட்டு, "நான் பழம் கொண்டாந்தேன், நீங்க ஒட்டகம் கொண்டாந்தீங்களா மாமா?" என்று வருஷம் தவறாமல் கேட்பான். இந்த முறை பழமும் இல்லை, ஒட்டகமும் இல்லை.

"எங்கடா மச்சான் பழம்?"

"இந்த வருசம் காய்ப்பே இல்லீங்க மாமா. பூவெல்லாம் கொட்டிப்போச்சி." சொன்னது என்னிடம், பார்த்தது அவன் அக்காவை.

அவளுக்கு மாம்பழம் என்றால் உயிர். தோப்பு வீட்டில் பிறந்தவள், கொட்டையைக்கூட மிச்சம் வைக்காமல் சப்புகிறவள். காய்ப்பு இல்லை என்றால் ஒரு "அடடா"வாவது சொல்ல வேண்டாமா? நேரே சமையலறைக்குள் போய்விட்டாள். அவனும் பின்னாலேயே போனான். உள்ளே தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். அது அவர்கள் வீட்டு பாஷை. எனக்குத் தமிழும் கன்னடமும்தான். தெலுங்கு அரைகுறை. நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனதும் பேச்சு நின்றது.

அந்த லீவில் நான் ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் வந்திருந்தேன். மஸ்கட்டில் இயற்பியல் வாத்தியாராக இருந்தே தலை நரைத்தவன் நான். இன்னும் ஒரு வருஷத்தில் ஒப்பந்தம் முடிகிறது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் ரிட்டயர்மென்ட் என்பது ஒரு நோய் மாதிரி, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். கெமிஸ்ட்ரி டீச்சருக்கு அயர்லாந்து, ஆங்கில வாத்தியாருக்குப் போர்ச்சுகல். சொந்த ஊருக்கே போகிறேன் என்று சொல்கிறவரைப் பார்த்து மற்றவர்கள் பரிதாபப்படுவார்கள். நானும் என் மனைவியும் மலேசியாவில் பினாங்கு என்று முடிவு செய்திருந்தோம். ஒருமுறை சுற்றிப் பார்க்கப் போனபோது அவள் சொன்னதுதான். "தமிழ் பேசுறாங்க, இட்லி கெடைக்குது, கடல் இருக்குது. அப்பறம் என்னா வேணும்?" மகள் மெல்போர்னில் வேலையில் இருக்கிறாள். பினாங்கு என்றால் அவளுக்கும் பாதி வழி. அங்கே தங்கும் விசாவுக்கு இரண்டு பேரும் மருத்துவச் சோதனை செய்துகொள்ள வேண்டும், நான் போலீஸ் சான்றிதழ் வாங்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

சோதனைக்குப் போகலாம் வா என்றால் அவள் அசையவில்லை. அமாவாசை கழியட்டும் என்றாள். பிறகு செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்றாள். பிறகு தெருமுனை வீட்டில் வளைகாப்பு. எங்கள் கல்யாணத்துக்கே நாள் பார்த்துக்கொண்டிருந்தவர்களைக் கேலி செய்தவள் இவள். ரத்தம் எடுக்க எதற்கடி நல்ல நாள் என்று கத்தினேன். "நீங்க மொதல்ல போய்ட்டு வாங்க," என்றாள்.

சாப்பாடும் மாறிப் போயிருந்தது. காய்களை நறுக்கி ஒரு குண்டான் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை அப்படியே கொட்டிவிடுவாள். சத்தெல்லாம் சிங்க்கில் போகிறதே என்றால், "பூச்சிமருந்து அடிக்கிறாங்க, உங்களுக்கு என்னா தெரியும்" என்பாள். தேங்காய் இல்லை. உப்பு பேருக்கு இருந்தது. ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று கிண்டல் செய்தேன், அவள் சிரித்தாள். ஃபிரிட்ஜில் அவளுக்கென்று ஒரு பாட்டில் இருந்தது. அதில் இருக்கிற தண்ணீரைத்தான் நாள் முழுக்க வாய் நனைக்கிற அளவுக்குக் குடித்தாள். ஒருநாள் துணி காயப்போடும்போது அவள் காலைப் பார்த்தேன். மெட்டி இல்லை.

"மெட்டி எங்க?"

"இறுக்குது. கழட்டி வெச்சிருக்கேன்." புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

வெளிநாட்டில் இருக்கிறவனுக்குக் கெட்ட செய்தி சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கம் எழுதாத சட்டம். சொல்லி என்ன ஆகப்போகிறது, அங்கே தனியாகக் கிடந்து தவிப்பான், வந்த பிறகு தெரிந்துகொள்ளட்டும் என்பார்கள். என் அப்பா போன செய்தியும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. மஸ்கட்டிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். எடுத்தவள் என் மகள், அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. தாத்தா எப்படியிருக்கிறார் என்று கேட்டேன். பக்கத்தில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். "நீ சாப்பிட்டியாப்பா?" என்றாள். மறுபடி கேட்டேன், மறுபடியும் அதையே சொன்னாள். அந்த நேரத்தில் அப்பாவை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். அதற்குப் பிறகு எவ்வளவோ நாள் கழித்து மகள் என்னிடம் சொன்னாள், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது அவளுக்கு அழுகையை அடக்க முடியவில்லையாம். ரிசீவரை அவள் பெரியப்பா பிடுங்கிக்கொண்டாராம்.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அந்த ஜூன் மாதத்தில் என் வீட்டுக்குள்ளேயே நான் வெளிநாட்டுக்காரனாக இருக்கிறேன் என்பது உறைக்கவில்லை. உறைக்க வேண்டாம் என்றுகூட இருந்திருக்கலாம்.

ஒருநாள் மாலை ஸ்கூட்டரில் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் கூட்டிப்போனேன். மழை பெய்து ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. தண்ணீரோடு பெங்களூர்க் கழிவின் நுரையும். தரைப்பாலத்தை மறைத்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு வெள்ளையாக நின்றது. காற்றடித்தால் பிய்ந்து பறந்து வயலில் போய் விழுந்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. இதற்குத்தான் பினாங்கு போகலாம் என்கிறேன் என்று சொல்லித் திரும்பினால், அவள் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வீட்டில் வளர்ந்தது சாணிக்கும் உரத்துக்கும் மாட்டுக்கும் நடுவே. ஒரு நாற்றத்துக்கு இவ்வளவு வாந்தி எடுக்கிற உடம்பில்லை அது. முதுகைத் தடவினேன், எலும்பு கையில் பட்டது. முகம் மட்டும் உப்பியிருந்தது. வீடு திரும்பும்வரை அவள் என் தோளில் தலையைச் சாய்த்தபடியே வந்தாள். வழக்கத்தில் இல்லாத விஷயம் அது, எனக்குப் பயமாக இருந்தது.

போலீஸ் சான்றிதழுக்காகக் கிருஷ்ணகிரி போய்த் திரும்பும் வழியில்தான் உண்மை ரோட்டோரமாகக் குவிந்து கிடந்தது. குருபரப்பள்ளியில் இரண்டு பக்கமும் மாம்பழக் கடைகள். மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகிற லாரிகள் காயை ஏற்றிக்கொண்டு வரிசையாக நின்றன. வண்டியை ஓரங்கட்டி ஒரு கடைக்காரரிடம் கேட்டேன்.

"பாய், இந்த வருஷம் காய்ப்பு எப்படி?"

"என்னா சார் இப்படிக் கேட்டுட்டீங்க? கொட்டிக் கெடக்குது. வெலைதான் இல்ல. இது வேப்பனப்பள்ளி லோடு, இன்னிக்குக் காலைல எறங்குச்சி. தின்னு பாருங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். என் மச்சான் ஒரு ஜில்லாவின் மாம்பழத்தையே மறைத்திருக்கிறான். முதலில் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றுபோனது. கொட்டிக் கிடக்கிற பழத்தைத் தின்பதற்கு உயிரை விடுகிற அக்காவுக்கு ஒரு தம்பி ஏன் கொண்டுவரமாட்டான்? உப்பு, தண்ணீர், தேங்காய், மெட்டி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து என் முன்னால் வந்து நின்றன. ஒரு பெட்டி வாங்கினேன். சூளகிரி தாண்டியதும் கம்பெனி பஸ்கள் ஷிப்ட் முடிந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு எதிரே வந்தபடி இருந்தன. வீடுவரைக்கும் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திறந்தேன். வாசனை வீடெல்லாம் பரவியது. அவள் வந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கத்தியை எடுத்துவந்து உட்கார்ந்து, ஒரு பழத்தைத் தோல் சீவித் துண்டு போட்டு என் பக்கம் தள்ளினாள்.

"நீ சாப்பிடு," என்றேன்.

"நான் சாப்பிடக் கூடாதுங்க."

அவ்வளவுதான். அப்புறம் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள், மளிகைச் சாமான் சொல்கிற மாதிரி. போன தீபாவளிக்கு முன்னால் கண்டுபிடித்தது. "ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போச்சாம்." பெங்களூர் ஆஸ்பத்திரிக்குத் தம்பிதான் கூட்டிப்போகிறான். மாம்பழம், தேங்காயில் இருக்கிற பொட்டாசியம் ஆகாதாம், காயையும் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால்தான் அது போகுமாம். வருஷம் முடிவதற்குள் டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். வாரத்துக்கு மூன்று தடவை.

"என்கிட்ட சொல்லணும்னு தோணலையா உனக்கு?" நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"சொன்னா வேலைய விட்டுட்டு ஓடியாந்திருப்பீங்க. கடைசி வருசம். நீங்க முடிச்சிட்டு வர்றவரைக்கும் இழுத்துடலாம்னு பாத்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "பினாங்கு விசாவுக்கு என்ன ரத்தம் குடுக்கிறதுங்க நான்?" என்றாள்.

எனக்கு அவள்மேல் அப்படியொரு ஆத்திரம். அவளைக் கட்டிக்கொண்டு அழவும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யாமல் அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி மேஜையில் வைத்தேன். அவள் விரலெல்லாம் மாம்பழச் சாறு. அதை நக்காமல் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"மெல்போர்ன்ல இருக்கறவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. இப்பத்தான் வேலை நிரந்தரமாச்சி. சொல்லாதீங்க. அங்க தனியா கெடந்து தவிப்பா."

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வழக்கம்போல அழைத்தாள். அங்கே படுக்கப்போகிற நேரம். என் போன்தான் அடித்தது.

"அம்மா எங்கப்பா? போனே எடுக்கல."

"குளிக்கிறா."

"போன வாரமும் குளிச்சிட்டுத்தான் இருந்தாங்க. சரி, மெடிக்கல் டெஸ்ட் முடிஞ்சுதா? அம்மா ரிப்போர்ட் எப்படி வந்துச்சு?"

மேஜைக்கு எதிர்ப்பக்கம் அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டேயிருந்தாள். கண் நிறைந்து வழிந்தது. வகுப்பில் எந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிறவன் நான். வாயைத் திறந்தேன். வந்தது ஒன்றுதான்.

"நீ சாப்பிட்டியாம்மா?" என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"டிக்கெட் பாக்கறேம்பா," என்றாள் மகள்.