முதுகு காட்டாதவள்

நாடகக் கம்பெனியில் உடை தைத்த அக்காவுக்குக் கூடமாட ஒத்தாசைக்குப் போனவள்தான் அவள். தோழி வேஷக்காரிக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் இவளை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். அப்போது வயது பதினாறு.

அக்கா நாலு வயது மூத்தவள். சின்னதில் வந்த ஜுரத்தில் காது போய்விட்டது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பாள். அதனால் தங்கை மேடையில் அழுதாலும் சண்டை போட்டாலும், முன்வரிசை ஓரத்தில் இருக்கும் அக்கா பக்கமே முகத்தை வைத்துக்கொள்வாள்.

"புருஷன் நான் இங்க நிக்கிறேன், இவ யாரைக் கொஞ்சறாளோ!" என்று கூட நடித்தவர் புலம்புவார்.

இருபது வருஷம் அப்படியே ஓடியது. பிறகு சினிமா கூப்பிட்டது. தாய் வேஷம். மகன் வீட்டை விட்டுப் போகிறான். இவள் ஜன்னலைப் பார்த்து நின்று பேச வேண்டும். கேமரா பின்னால்.

"முதுகைக் காட்டிப் பேச மாட்டேங்க" என்றாள்.

"அழுகை முதுகுலயே தெரியும்மா. முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆளைப் பாக்கறேன்" என்றார் டைரக்டர்.

காத்துக் காத்துக் கிடைத்த வேஷம். திரும்பி நின்றாள். வீட்டில் மூச்சு விடவில்லை.

படம் வந்ததும் அக்காவும் தங்கையும் பகல் காட்சிக்குப் போனார்கள். அந்த இடத்தில் கொட்டகையே மூக்கைச் சிந்தியது. அக்கா மட்டும் முழங்கையால் இடித்தாள். அவள் மெதுவாகப் பேசினாலே எட்டு வீட்டுக்குக் கேட்கும்.

"என்னடி சொல்ற அங்க? எல்லாரும் அழறாங்களே!"

இருட்டில் உதடு எங்கே தெரியும்? படம் விட்டதும் டிக்கெட் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அக்காவை வெயிலில் நிறுத்தி, அந்த வசனம் முழுவதையும் முகத்துக்கு நேரே சொன்னாள். அடுத்த காட்சிக்கு நின்ற வரிசை வாயைப் பிளந்தது.

அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவ்வளவு நல்லா சொல்லத் தெரிஞ்சவ, அங்க போய் ஏன்டி ஜன்னலைப் பாத்து நின்ன?"

அதற்கப்புறம் எந்தப் படத்துக்குப் பேச வந்தாலும், முதுகு காட்டிப் பேச மாட்டேன் என்பதுதான் அவளுடைய முதல் பேச்சு. நல்ல வேஷம் சிலது கைநழுவியது. தலைக்கனம் என்றார்கள். அவள் காரணம் சொன்னதில்லை. முப்பது படத்துக்கு மேல் நடித்தாள். அக்கா ஒன்று விடாமல் பார்த்து, "அந்த ரவிக்கையைத் தைச்சவன் யாருடி? கையே சரியில்ல" என்று குறையும் சொன்னாள்.

எழுபத்திரண்டு வயதில் அக்கா போய்ச் சேர்ந்தாள். இரண்டு மாதம் கழித்து ஒரு படப்பிடிப்பு. புது டைரக்டர் தயங்கித் தயங்கி வந்தார்.

"அம்மா, இதைக் கதவைப் பாத்து நின்னு பேசினா நல்லாயிருக்கும். ஆனா நீங்க மாட்டீங்கன்னு சொன்னாங்க..."

"அது அக்கா இருந்தப்போ" என்று சொல்லிவிட்டு, அவள் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.