அக்காவின் சூட்டுத் தூள்

போன ஞாயிறு லவாலில் என் அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. ஆட்டிறைச்சிக் கறி என்று சொன்னால் நான் எந்த ஸ்நோவிலும் போவேன். சாப்பிட்டு முடித்ததும் மேசைக்கு ஒரு தகரப் பேணி வந்தது. மூடியில் தாடிக்காரர் ஒருவரின் படம். சுற்றிவரப் பிரெஞ்சு எழுத்து.

"இதென்னக்கா, பல்லுப்பொடியோ?"

"உனக்கு எல்லாம் நக்கல்தான். வெள்ளைக்காரரின்ர பழைய மூலிகைத் தூளடா. குளிருக்கு உடம்பைச் சூடாக்கும், சாப்பாட்டையும் செமிக்கப் பண்ணும். சந்தையில விக்கிற பிள்ளை வடிவா விளங்கப்படுத்தினவள்."

பேணியைத் திருப்பிப் பார்த்தேன். இஞ்சி, கராம்பு, செத்தல் மிளகாய், வாயில் நுழையாத பெயரோடு ஏதோ ஒரு மரப்பட்டை. முதல் மூன்றும் அக்காவின் குசினியில் போத்தல் போத்தலாக இருக்கின்றன. அவள் கரைத்தால் ரசம். தாடிக்காரர் கரைத்தால் மருந்து! அந்தப் பட்டைக்குத்தான் இத்தனை மரியாதை போலும்.

"பக்க விளைவு ஒண்டும் இல்லை. எல்லாம் இயற்கை."

எட்டிக்காயும்தான் இயற்கை. ஆனால் வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். இறைச்சிக் கறி போட்டவளோடு யார் சண்டை பிடிப்பது?

அத்தானுக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு வேர்ஹவுஸில் வேலை. பாரம் தூக்கிப் பழகிய உடம்பு. உண்ட கையோடு டிரைவ்வேயில் ஸ்நோ தள்ளப் போனவர், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து சோபாவில் சாய்ந்தார். கை நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தது.

"என்னவோ அடைக்கிற மாதிரிக் கிடக்கு..."

"வாய்வு," என்றாள் அக்கா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்குக் கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே எது வந்தாலும் வாய்வுதான். இருதயம் என்றொரு சாமான் அங்கேதான் இருக்கிறது என்று யாராவது இவர்களுக்குச் சொன்னால் தேவலை.

சுடுதண்ணீரில் இரண்டு கரண்டி தூள் கரைந்தது. அத்தான் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். சற்று நேரத்தில் நெற்றி முழுக்க வேர்வை பூத்தது.

"பாத்தியோ! வேர்க்குது. தூள் வேலை செய்யுது!" அக்காவின் முகத்தில் அப்படியொரு வெற்றிக் களிப்பு. "வேர்வை வந்தால் குளிர் இறங்குது எண்டு அந்தப் பிள்ளை அப்பவே சொன்னவள்."

நான் அத்தானின் கையைப் பிடித்தேன். ஐயோ... ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. சேர்ட் தொப்பலாக நனைந்திருக்கிறது. உடம்போ சில்லிட்டுப் போயிருக்கிறது. சூட்டுத் தூள் குடித்த மனிதர் இப்படிக் குளிர்வாரா?

"அக்கா, 911 அடி!"

"உனக்கென்ன விசரோ? எமர்ஜென்சிக்குப் போனால் விடிய விடியக் கதிரையில இருத்தி வைப்பாங்கள். இன்னொரு கரண்டி குடுத்துப் பாப்பம். பேந்து யோசிக்கலாம்."

"இடக்கை விறைக்குது..." என்று அத்தான் முனகினார்.

அக்கா உண்மையாகவே பேணியைத் திறந்தாள்! அவள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி எறிந்தேன். "மனிசன் சாகப் போகுது, நீ தூள் கரைக்கிறாய்!" என்று கத்திவிட்டு நானே போனை எடுத்தேன்.

ஆம்புலன்ஸில் வந்த பெண், வலி எப்போது தொடங்கியது என்றுதான் கேட்டாள். அக்கா தன் அரைகுறைப் பிரெஞ்சில் தூளின் மகிமையை எடுத்துவிட்டாள். அந்தப் பெண் பேணியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அத்தானின் நெஞ்சில் வயர்களை ஒட்டத் தொடங்கினாள்.

ஹார்ட் அட்டாக். ரத்தக் குழாயில் அடைப்பு. உடனே ஸ்டென்ட் வைத்தார்கள். பிந்தி வந்திருந்தால் ஆள் தப்பியிருக்க மாட்டார் என்று டாக்டர் நேராகவே சொன்னார். அக்கா கொரிடோரில் நின்று விக்கி விக்கி அழுதாள். பாவமாகத்தான் இருந்தது. எனக்கும் கண் கலங்கியது.

தூளோடு எனக்கு என்ன பகை? குடியுங்கள், ஏப்பம் விடுங்கள். ஆனால் ஒரு மனிதரின் உயிர் வேர்வையாக வழியும்போது, மருந்து பிடிக்கிறது என்று கை தட்டுகிறீர்களே... அந்தத் துணிச்சலை எந்தச் சந்தையில் வாங்கினீர்கள்?

அத்தான் வீடு வந்துவிட்டார். நலம் விசாரிக்க ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். நேற்று நானும் போயிருந்தேன். அக்கா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள் —

"நல்ல காலம், அந்தத் தூளைக் கரைச்சுக் குடுத்தனான். இல்லாட்டி ஆள் ஆஸ்பத்திரி போய்ச் சேருமட்டும் தாங்கியிராது!"

உயிர் காத்த பெயர் ஆம்புலன்ஸுக்கு இல்லை. டாக்டருக்கும் இல்லை. எனக்கா? கேட்கவே வேண்டாம். வந்தவர்கள் அது எந்தச் சந்தை, எந்தக் கடை என்று பக்தியோடு விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் மெல்லச் சிரித்தார். "விடு மச்சான், உயிர் தப்பினதே போதும்."

ஓம், அத்தான் தப்பிவிட்டார். கூடவே, அந்தத் தூளும் தப்பிவிட்டது!